பெர்சியஸ் திரளின் வாயு ஏன் ஆறவில்லை? கருந்துளைத் தாரை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெர்சியஸ் கேலக்ஸித் திரள் ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவில் என்ஜிசி 1275 என்ற பெரிய கேலக்ஸி. ரேடியோ வானியலில் அதற்கு 3சி 84 என்று பெயர். மையம் மிகப் பிரகாசமாக ஒளிரும் செய்ஃபர்ட் கேலக்ஸிகளின் முதல் பட்டியலிலேயே (1943) அது இடம்பெற்றிருந்தது. மையத்தில் பெருநிறைக் கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் அருகிலிருந்து இரண்டு தாரைகள், அதாவது அதிவேகத் துகள்களின் குறுகிய ஓடைகள், எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. 1970-இல் எடுத்த ஹைட்ரஜன்-ஆல்பா (ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு ஒளி) படத்தில், கேலக்ஸியைச் சுற்றி நாலாபுறமும் இழை இழையாக வாயு நீண்டிருப்பது தெரிந்தது. அந்த இழைகளுக்கு அப்போது யாரிடமும் சரியான விளக்கம் இல்லை.

1970-களின் தொடக்கத்தில் இந்தத் திரள் வலுவான எக்ஸ் கதிர் மூலம் என்று தெரியவந்தது. 1976-இல் அதன் நிறமாலையில், 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிர் ஆற்றலின் அலகு) அருகே இரும்பின் கோடு பதிவானது. எக்ஸ் கதிர் வருவது கோடிக்கணக்கான கெல்வின் சூட்டில் உள்ள மெல்லிய வாயுவிலிருந்துதான் என்பது அத்துடன் உறுதியானது. திரளின் வெளிப்பகுதியில் இந்த வாயு ஏறத்தாழ 8 கோடி கெல்வின் சூட்டில் இருக்கிறது. நடுவில் சூடு 3 முதல் 4 கோடிக்கு இறங்குகிறது. அடர்த்தியோ நடுவில்தான் மிக அதிகம்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.05 எலக்ட்ரான் அளவு.

சிக்கல் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது. வாயு கதிர்வீசும் வேகம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும். மேலே சொன்ன அடர்த்தியையும் சூட்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், நடுவிலுள்ள வாயு 60 கோடி முதல் 100 கோடி ஆண்டுக்குள் ஆறிவிட வேண்டும். திரளின் வயது அதைவிடப் பல மடங்கு. ஆறிய வாயுவின் அழுத்தம் குறையும், மேலிருக்கும் வாயு அதை அழுத்தும், எல்லாமாகச் சேர்ந்து மையத்தை நோக்கி வழியும். 1977-இல் வெளியான இரு ஆய்வுகள் இதைக் 'குளிர்வோட்டம்' என்ற கருத்தாக வடித்தன. பெர்சியஸில் இப்படி வழியும் வாயுவுக்கு வந்த விடை, ஆண்டுக்குச் சில நூறு சூரிய நிறை.

கணக்கு இடித்த இடம்

ஆண்டுக்கு 300 சூரிய நிறை என்றே வைத்துக்கொள்வோம். 500 கோடி ஆண்டில் அது 1.5 லட்சம் கோடி சூரிய நிறை ஆகிறது. இவ்வளவு வாயுவும் ஆறி விண்மீனாகியிருந்தால், என்ஜிசி 1275 இளம் நீல விண்மீன்களால் நிறைந்திருக்க வேண்டும். அங்கே காணப்படும் விண்மீன் உருவாக்கமோ ஆண்டுக்குச் சில பத்து சூரிய நிறைதான். குளிர்ந்த மூலக்கூறு வாயுவையும் தேடினார்கள். கார்பன் மோனாக்சைடு கோடுகளை வைத்து 2006-இல் கிடைத்த அளவு ஏறத்தாழ 4,000 கோடி சூரிய நிறை. ஒரு கேலக்ஸிக்கு அது பெரிய இருப்புதான். ஆனால் மேற்சொன்ன ஓட்டத்தின்படி பார்த்தால் வெறும் 13 கோடி ஆண்டு வரவு.

இருபது ஆண்டுக்கும் மேலாக இந்த முரண் தெரிந்தே இருந்தது. ஆறிய வாயு கண்ணுக்குப் புலப்படாத சிறு விண்மீன்களாகிறது என்றனர் சிலர். குளிர்ந்த தூசிக்குள் மறைகிறது என்றனர் வேறு சிலர். கணக்கின் அடிப்படையை, அதாவது வாயு உண்மையிலேயே ஆறுகிறதா என்பதை, நேரடியாகச் சோதிக்கும் கருவி அதுவரை இல்லை. இன்று திரும்பிப் பார்த்து அவர்களைக் குறைசொல்வது எளிது. எக்ஸ் கதிர்ப் படம் செலவைக் காட்டியது. வரவு இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் படத்தின் தெளிவில் காண முடியவில்லை.

முதல் தடயம்: இரண்டு பள்ளங்கள்

1990-இல் ஏவப்பட்ட ரோசாட் செயற்கைக்கோளின் உயர் தெளிவுக் கருவியால் எடுத்த பெர்சியஸ் படம் 1993-இல் வெளியானது. மையத்தின் வடக்கிலும் தெற்கிலும் எக்ஸ் கதிர் ஒளி குறைந்த இரண்டு பள்ளங்கள் அதில் இருந்தன. அதே இடத்தின் ரேடியோ வரைபடத்தை மேலே வைத்தபோது, தாரைகள் ஊதிய ரேடியோ மடல்கள் அந்தப் பள்ளங்களுக்குள் பொருந்தி உட்கார்ந்தன. தாரையிலிருந்து வந்த துகள்களும் காந்தப்புலமும் சூடான வாயுவை ஒதுக்கித் தள்ளிக் குமிழியாக நிற்கின்றன என்பதே பொருள்.

அந்த நேரத்தில் இது ஒரு விந்தையாகவே பார்க்கப்பட்டது. குமிழியின் ஆற்றலைக் குளிர்வோட்டக் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுதும் வேலை, இன்னும் கூர்மையான படம் வரும்வரை தள்ளிப்போனது.

முதல் முடிவு: இரும்பின் கோட்டைத் தேடுதல்

1999 ஜூலையில் சந்திரா, டிசம்பரில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என இரண்டு எக்ஸ் கதிர் ஆய்வகங்கள் ஏவப்பட்டன. இரண்டாவதில் இருந்த, எக்ஸ் கதிரை அலைநீளவாரியாகப் பிரிக்கும் பிரதிபலிப்புக் கீற்றணி நிறமாலைமானி இந்த வழக்குக்கென்றே செய்ததுபோல இருந்தது. வாயு ஆறி 20 முதல் 80 லட்சம் கெல்வின் வரை இறங்கும்போது, பதினாறு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு 15 ஆங்ஸ்ட்ராம், 17 ஆங்ஸ்ட்ராம் அலைநீள இடங்களில் வலுவான கோடுகளைத் தரும். வாயு அந்தப் படியைக் கடந்து போகிறது என்றால் கோடு இருந்தே ஆக வேண்டும். ஓட்டத்தின் அளவுக்கு நேர்விகிதமாகக் கோட்டின் வலிமையும் இருக்கும்.

எந்தத் திரளை நோக்குவது? பெர்சியஸ்தான் மிகப் பிரகாசமானது, கை அதன்மேல்தான் முதலில் போகும். ஆனால் இந்தக் கருவியில், ஒளியைக் குறுகலாக உள்ளே விடும் பிளவு கிடையாது. வானில் ஒரு வில்நிமிடம் (பாகையின் அறுபதில் ஒன்று) பரந்த பொருள், நிறமாலையில் 0.138 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்குக் கோட்டைக் கலைக்கும். பெர்சியஸின் பிரகாசமான நடுப்பகுதி இரண்டு மூன்று வில்நிமிடம் அகலம். கலைவு 0.3 முதல் 0.4 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடும். 15.01, 15.26 என்று கால் ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கும் இரு இரும்புக் கோடுகள் ஒன்றாய்க் குழம்பிப்போகும். அதனால், நமக்கு வெகு தொலைவில் இருப்பதால் சிறிதாகத் தெரியும் ஏபெல் 1835 போன்ற திரள்களை நிறமாலைக் குழுக்கள் தேர்ந்தன. பிரகாசத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கிய முடிவு அது. 2001-இல் வெளியான விடைக்கு அதுதான் வழிவிட்டது.

எதிர்பார்த்த கோடுகள் எதிர்பார்த்த வலிமையில் இல்லை. வாயு வெளிச்சூட்டிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. அதற்குக் கீழே ஏறக்குறைய எதுவும் காணோம். கோட்டை முன்னாலுள்ள குளிர்ந்த வாயு விழுங்கியிருக்கலாம், தனிமங்கள் சீராகக் கலக்காமல் திட்டுத்திட்டாக இருக்கலாம், வெளியிலிருந்து வெப்பம் கடத்தப்படலாம் என்று பல மாற்று விளக்கங்கள் எழுந்தன. பல திரள்களில் ஒரே விதமான குறை தெரிந்ததால், அங்கங்கே மறைப்பு என்ற விளக்கம் வலுவிழந்தது. ஏதோ ஒன்று வாயுவைச் சூடேற்றுகிறது என்பதே மிஞ்சியது.

இரண்டாம் முடிவு: பெர்சியஸை நெடுநேரம் பார்த்தல்

எது சூடேற்றுகிறது என்று பார்க்கச் சந்திராவே பொருத்தம். அதன் தெளிவு அரை வில்விநாடி (வில்நிமிடத்தின் அறுபதில் ஒன்று ஒரு வில்விநாடி). பெர்சியஸின் தொலைவில் ஒரு வில்விநாடி என்பது ஏறத்தாழ 1,170 ஒளியாண்டு. 2000-இல் வெளியான முதல் படங்களே ஒரு எதிர்பார்ப்பை உடைத்தன. தாரை ஒலியைவிட மிக வேகமாகக் குமிழியை ஊதினால், குமிழியைச் சுற்றிய விளிம்பு அதிர்ச்சி அலையால் மிகச் சூடாக இருக்க வேண்டும் என்பது அன்றைய மாதிரிக் கணக்குகளின் முன்கணிப்பு. உண்மையில் விளிம்புகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருந்தன. ஊதல் அடித்துத் தள்ளும் வகையல்ல, ஒலிவேகத்தை ஒட்டிய மெதுவான வகை.

இங்கே ஒரு பொறி இருந்தது. மையத்துக்கு வடக்கே, மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிரில் கருமையாக ஒரு திட்டு தெரிகிறது. பார்வைக்கு இன்னொரு குமிழி போலவே இருக்கும். ஆனால் அது குமிழியல்ல. என்ஜிசி 1275-ஐ நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வேகத்தில் விழும் இன்னொரு கேலக்ஸியின் வாயு முன்னால் நின்று ஒளியை மறைக்கிறது. பிரித்தறியும் வழி எளிது. ஒரே படத்தை 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டாகப் பிரிக்க வேண்டும். மறைப்பு வன் (ஆற்றல் மிகுந்த) கதிரில் மங்கிவிடும். குமிழி இரண்டிலும் நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பள்ளங்களை எண்ணினால் ஆற்றல் கணக்கில் இல்லாத குமிழி ஒன்று ஏறிவிடும்.

அடுத்த முடிவு, ஒரே திரளுக்குப் பத்து லட்சம் நொடிக்கு நெருக்கமான நோக்குநேரத்தைக் கொடுப்பது. நூறு திரள்களைக் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கக்கூடிய நேரம் அது, எளிதாகக் கிடைக்கும் அனுமதியல்ல. கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. 2003-இல் வெளியான 2 லட்சம் நொடி அளவிலான படத்தில், சமப்படுத்திய படத்தை மூலப்படத்திலிருந்து கழித்தபோது, குமிழிகளைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய சிற்றலைகள் தெரிந்தன. அலைக்கு அலை ஏறத்தாழ 35,000 ஒளியாண்டு. அந்தச் சூட்டில் ஒலி நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டிப் பாய்கிறது. ஆக ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. (பியானோவின் நடு 'சி' சுரத்துக்கு 57 எட்டுச்சுரம் கீழே என்று செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கணக்கு சரிதான், கேட்கத்தான் காது கிடையாது.) படம் ஆழமானால்தான் அந்த அலைகள் உண்மையானவையா, எடுத்த முறையின் பிழையா என்று தீர்க்க முடியும். 2006-இல் வெளியான ஆழ்ந்த படத்திலும் அலைகள் நின்றன. வடக்குக் குமிழியைச் சுற்றி வலுவற்ற ஓர் அதிர்ச்சி முகப்பும் தெரிந்தது. அங்கே அடர்த்தி சட்டென ஏறுகிறது. ஏற வேண்டிய வெப்பநிலையோ ஏறவில்லை.

ஆற்றல் கணக்கு போட்ட விதம்

ஒரு குமிழியைத் தாரையின் ஆற்றல்மானியாக மாற்றுவது மூன்று அளவீடுகளால் ஆகும் வேலை. ஒவ்வொன்றிலும் எங்கே தவறும் என்பதைச் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் கன அளவு. உள்குமிழியின் ஆரம் ஏறத்தாழ 23,000 ஒளியாண்டு. கோளம் என்று கொண்டால் கன அளவு 4.2 × 10⁶¹ கன மீட்டர். பார்வைக் கோட்டின் திசையில் குமிழியின் நீளம் தெரியாது. அது தட்டையாகவோ நீண்டோ இருந்தால் இந்த எண் எளிதில் ஒன்றரை மடங்கு பிசகும்.

இரண்டாவது சுற்றுப்புற அழுத்தம். அடர்த்தியும் சூடும் தெரிந்தால் பெருக்கினால் போதும், 4.6 × 10⁻¹¹ பாஸ்கல் வருகிறது. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் 2 × 10⁵¹ ஜூல். குமிழியை ஊதச் செய்த வேலை மட்டுமே இது. உள்ளே இருக்கும் துகள்களின் ஆற்றலும் சேர வேண்டும். ஒளிவேகத்தை ஒட்டிய துகள்கள் என்றால் மொத்தம் இதன் நான்கு மடங்கு. சாதாரணச் சூடான வாயு என்றால் இரண்டரை மடங்கு. ரேடியோ ஒளி வருவதால் நான்கு மடங்கை எடுப்பது வழக்கம். ஆக ஒரு குமிழிக்கு 8 × 10⁵¹, இரண்டுக்கும் 1.6 × 10⁵² ஜூல்.

மூன்றாவது வயது. பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான். குமிழி ஒலிவேகத்தில் மையத்திலிருந்து இப்போதுள்ள இடத்துக்கு வந்தது என்றால் ஒரு வயது. மிதப்பு விசையால் மெதுவாக எழுந்தது என்றால் இன்னொரு வயது. அது விட்டுச்சென்ற இடத்தை வாயு நிரப்பும் நேரத்தை வைத்தால் மூன்றாவது ஒன்று. மூன்றும் தமக்குள் இரண்டு முதல் நான்கு மடங்கு வேறுபடும். இளம் உள்குமிழிகளைத் தாரை இன்னும் ஊதிக்கொண்டிருப்பதால் ஒலிவேக வயதே பொருத்தம்: 30,000 ஒளியாண்டைக் கடக்க ஏறத்தாழ 1.1 கோடி ஆண்டு.

வகுத்தால் தாரையின் சராசரித் திறன் 4.5 × 10³⁷ வாட், ஏறத்தாழ 12,000 கோடி சூரியன்களின் ஒளிர்வு. திரளின் நடுப்பகுதி எக்ஸ் கதிரில் இழப்பது 10³⁸ வாட்டை ஒட்டியது. வயதிலுள்ள பிழையையும், வெளியே இருக்கும் பழைய குமிழிகளின் பங்கையும் சேர்த்தால் வரவும் செலவும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. இருபது ஆண்டு இடித்த கணக்கு அப்போதுதான் நேரானது.

பழைய குமிழிகளைக் கண்டுபிடிப்பது தனி வேலை. அவற்றில் அதிக ஆற்றல் எலக்ட்ரான்கள் கதிர்வீசித் தீர்ந்துபோயிருப்பதால், 1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வரைபடத்தில் அவை வெறுமையாகத் தெரியும். 330 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கினால் ரேடியோ ஒளி அவற்றை நோக்கி நீள்வது தெரிகிறது. உயர் அதிர்வெண் வரைபடம் ஒன்றையே நம்பியிருந்தால், தாரை ஒருமுறைதான் எரிந்தது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

விண்மீன் உருவாக்கத்துக்கு என்ன ஆனது

தாரை சூடேற்றுகிறது, ஆகவே விண்மீன் பிறப்பதைத் தடுக்கிறது என்று இதைச் சுருக்குவதுண்டு. பெர்சியஸின் இழைகள் அந்தச் சுருக்கத்துக்கு இடம்கொடுப்பதில்லை.

வடமேற்கில் ஒரு பழைய குமிழிக்கு அடியில் குதிரைலாட வடிவில் ஓர் இழை வளைந்து நிற்கிறது. தண்ணீரில் எழும் காற்றுக்குமிழியின் பின்னால் நீர் சுழன்று ஏறுவதைப் போன்ற வடிவம். மையத்திலிருந்த ஒப்பீட்டளவில் குளிர்ந்த வாயுவைக் குமிழி தன்பின்னே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே போன வாயு இன்னும் ஆறி இழையாகத் திரள்கிறது. 2008-இல் வெளியான ஹப்பிள் படங்களில் அந்த இழைகள் ஏறத்தாழ 230 ஒளியாண்டு அகலமும் 20,000 ஒளியாண்டு நீளமும் கொண்ட நூல்களாகப் பிரிந்து தெரிந்தன. இவ்வளவு மெல்லிய நூல் தன் எடையால் நொறுங்காமலும் சுற்றிலுமுள்ள சூடான வாயுவில் கரையாமலும் நிற்க, காந்தப்புலம் தாங்க வேண்டும். சுற்றுப்புற அழுத்தத்துக்கு ஈடான புலம் என்றால் ஏறத்தாழ 100 மைக்ரோகாஸ் (காந்தப்புல அலகான காஸின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு).

அதே காந்தப்புலம்தான் பெரும்பாலான இழைகளில் விண்மீன் பிறப்பதையும் தடுக்கிறது என்பது எங்கள் கணிப்பு. எல்லா இழையிலும் அல்ல. சில வெளி இழைகளின் ஓரத்தில் இளம் நீல விண்மீன் கொத்துகள் இருக்கின்றன. பக்கத்திலேயே அதே போன்ற இழைகள் வெறுமையாக இருக்கின்றன. ஆகத் தாரை ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. பெருமளவு வாயுவை ஆறவிடாமல் வைக்கிறது. சிறிதளவை மேலே தூக்கி ஆறவும் விடுகிறது.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். என்ஜிசி 541 என்ற கேலக்ஸியின் தாரை மோதும் இடத்தில் இருக்கும் மின்கோவ்ஸ்கி பொருள் என்ற சிறு கேலக்ஸியில், மோதலே விண்மீன் பிறப்பைத் தூண்டியிருக்கிறது. மறுபுறம் ஃபீனிக்ஸ் திரளில் ஆண்டுக்கு 500 சூரிய நிறைக்கும் மேல் விண்மீன் பிறக்கிறது. அங்கும் தாரை குமிழி ஊதியிருக்கிறது, வரவு மட்டும் செலவை எட்டவில்லை.

மிச்சமிருந்த கேள்வி: வெப்பம் எப்படிப் பரவுகிறது

தாரையிடம் ஆற்றல் போதுமான அளவு இருப்பது வேறு, அது திரளின் நடுப்பகுதி முழுதும் சீராகப் போய்ச் சேர்வது வேறு. கொந்தளிப்பா, ஒலியலையா, கலப்பா என்று தீர்க்க வாயுவின் வேகத்தை அளந்தாக வேண்டும். நொடிக்கு 160 கிலோமீட்டர் வேகம் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டை வெறும் 3.6 எலக்ட்ரான் வோல்ட் கலைக்கும். சந்திராவின் உணரிக்கு அந்த இடத்தில் தெளிவு நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். அதனால் பார்க்க வழியில்லை.

2016 பிப்ரவரி 17-இல் ஏவப்பட்ட ஜப்பானிய எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஹிட்டோமியில், ஒவ்வொரு கதிரும் தரும் சிறு வெப்பத்தை அளக்கும் நுண்வெப்பமானிக்கு 5 எலக்ட்ரான் வோல்ட் தெளிவு. அதன் சோதனைக் காலத்திலேயே பெர்சியஸை நோக்கும் முடிவு எடுக்கப்பட்டது. உணரியின் முன்னுள்ள அடைப்புக்கதவு அப்போது திறக்கப்படவில்லை. அதிலுள்ள பெரிலியம் சாளரம் மென் கதிரைத் தடுத்தாலும் 6.7 கோடு உள்ளே வரும், அது போதும் என்பது கணக்கு. மிக வலுவான அந்தக் கோட்டின் நடு ஒளி வாயுவிலேயே சிதறி மங்கும் என்பதால், அதன் வடிவத்தை மட்டும் நம்பாமல் பக்கத்துக் கோடுகளையும் சேர்த்து அளந்தார்கள். மார்ச் 26-இல் செயற்கைக்கோள் தவறான சுழற்சிக் கணிப்பாலும், அதன்மேல் தவறான உந்துபொறி அளவுருக்களாலும் கட்டுமீறிச் சுழன்று உடைந்தது. பெர்சியஸை முதலில் வைத்த முடிவால்தான் அளவீடு கைக்கு வந்திருந்தது: நொடிக்கு 164 கிலோமீட்டர், பிழை எல்லை 10.

எதிர்பார்த்ததைவிட அமைதியான வாயு. கொந்தளிப்பின் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் 4 சதவீதம்தான். கதிர்வீச்சு இழப்பைக் கொந்தளிப்பே ஈடுகட்ட வேண்டுமானால், ஆறும் காலத்தின் 4 சதவீதத்துக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 4 கோடி ஆண்டுக்கு ஒருமுறை, அது தீர்ந்து மீண்டும் ஊட்டப்பட வேண்டும். அந்த நேரத்தில் 164 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 20,000 ஒளியாண்டுதான் போக முடியும். நடுப்பகுதி அதைவிடப் பல மடங்கு பெரியது. குமிழியிலிருந்து கிளம்பும் கொந்தளிப்பு மட்டுமே வெப்பத்தை வெளிவரை சுமந்து செல்கிறது என்ற விளக்கம் இத்துடன் நின்றுபோனது. ஒலியலைகளும் குமிழி வாயுவின் கலப்பும் போட்டியில் இருக்கின்றன.

மீண்டும் செய்வதானால்

பள்ளம் கண்டவுடன் குமிழி என்று எழுதாமல், வன், மென் கதிர்ப் படங்களை முதல் நாளிலேயே பிரித்துப் பார்ப்போம். ஆற்றல் அட்டவணையில் ஒரே வயதை எழுதாமல் மூன்று வயதையும் எழுதுவோம். ஒற்றை எண்ணாகச் சுருக்கிய அட்டவணைகளை வெவ்வேறு திரள்களுக்கு ஒப்பிட்டுக் கோடு வரைந்த ஆய்வுகளில், சிதறலின் ஒரு பங்கு இயற்கையுடையதல்ல, வயதைக் கணித்த முறையுடையது. ரேடியோ நோக்கை மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். மூலக்கூறு வாயுவையும் எக்ஸ் கதிர் வாயுவையும் பத்தாண்டு இடைவெளியில் தனித்தனியே அளக்காமல், ஒரே திட்டத்தில் கேட்டு வாங்குவோம்.

ஒரு குறை மட்டும் நம் கையில் இல்லை. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோள், ஹிட்டோமியின் வேலையைத் தொடர்கிறது. அதன் அடைப்புக்கதவு திறக்க மறுத்துவிட்டதால் ஏறத்தாழ 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அதன் நுண்வெப்பமானி பார்ப்பதில்லை. 2001-இல் காணாமல்போன அந்த இரும்புக் கோடுகளோ 0.73-க்கும் 0.83 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் இடையே, அந்த எல்லைக்குக் கீழே விழுகின்றன.